இடது காது

துண்டு பொருந்திவிட்டது.

அவள் அதை எடுத்தாள். திரும்பவும் வைத்துப் பார்த்தாள். அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. மயிரிழை இடைவெளிகூட இல்லை.

ஆனால் அது காது இல்லை.

ஒரு சிறிய கை. முழங்கைக்குக் கீழே உடைந்தது. நகத்தால் கீறியது போல் ஐந்து விரல்கள். மணிக்கட்டில், மண்ணை உருட்டி ஒட்டிய ஒரு வளையம்.

அந்தக் கை சுடுமண் பொம்மையின் தலையை இறுகப் பிடித்திருந்தது.

அகழாய்வுக் கொட்டகையில் வேறு யாரும் இல்லை. துண்டைக் கொண்டுவந்து கொடுத்த இருளாயி மட்டும் மேசைக்கு எதிரே நின்றாள். மண் சலிக்கிறவள். புருவத்தில்கூடப் புழுதி.

பொம்மை கிடைத்துப் பதினோரு நாள் ஆகிறது. ஆள்காட்டி விரல் உயரம். உருண்டை முகம். நாணல் குழலை அழுத்திய வட்டக் கண்கள். சிரிக்கிற வாய். தலையின் வலப்பக்கம் ஒரு குமிழ். இடப்பக்கம் உடைந்த தழும்பு.

பார்த்தவுடன் எல்லோரும் சிரித்தார்கள்.

டி.வி.யில் வரும் கார்ட்டூன் கரடி. ஊரில் பாதிப் பிள்ளைகளின் புத்தகப்பையில் இருக்கும் அதே கரடி.

கிடைத்த பொருளை அளந்து கட்டத்தாளில் வரைவது, துண்டைப் பொருத்திப் பார்த்தவளின் வேலை. இல்லாத பாகத்தை வரையக் கூடாது. இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் புள்ளிக்கோடு.

இடப்பக்கம் அவள் புள்ளிக்கோட்டில் ஒரு காது போட்டாள்.

தழும்பு வட்டமாக இல்லை, நீளமாக இருக்கிறது. அன்றைக்கே கண் அதைப் பார்த்தது. கை கேட்கவில்லை. வீட்டில் மகள் பால் குடிக்கும் தம்ளரில்கூட அந்தக் கரடிதான்.

செய்தித்தாளில் படம் வந்தபோது புள்ளிகள் சேர்ந்து கோடாகியிருந்தன. மேலே பெரிய எழுத்தில், ‘ஈராயிரம் ஆண்டுக் கரடி!’

மறுநாளே கூட்டம். வேன் வேனாகப் பிள்ளைகள். கரடிக் காது வைத்த தொப்பி விற்க ஒருவர் வந்தார். அவருக்குப் பக்கத்தில் பஞ்சுமிட்டாய்.

இந்த வெள்ளிக்கிழமையோடு மூட வேண்டிய அகழாய்வு. இன்று நாலு மணிக்கு அமைச்சர் கரடியைப் பார்க்க வருகிறார். வந்து பார்த்தால் இன்னும் இரண்டு மாதம் தோண்ட அனுமதி. அப்படித்தான் பேச்சு. நாற்பது பெண்களுக்கு இரண்டு மாத வேலை.

இருளாயியும் அந்த நாற்பதில் ஒருத்தி.

“இது எப்பக் கெடச்சது?”

“முந்தாநாளு.”

“முந்தாநாளா?”

“வையாதீக மேடம்.” இருளாயி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். “சேலையில முடிஞ்சு வச்சிருந்தேன். எந்த ஊருலயாவது காதுக்கு வளவி போட்டு விடுவாகளா? பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. குடுத்தா எல்லாருக்கும் பொழப்புப் போயிருமேன்னு இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் குடுத்தீங்க?”

இருளாயி மேசையை நெருங்கி வந்தாள். குனிந்து, தொடாமல், பொம்மையின் வலப்பக்கக் குமிழைச் சுட்டினாள்.

“இதுவும் காதில்ல. கொண்டை. இது ஆத்தாகாரி. பிள்ளையத் தோள்ல தூக்கி வச்சிருக்கா. மிச்சப் பிள்ள இன்னும் மண்ணுக்குள்ளதான மேடம் கெடக்கு.”

படம் வரைந்தவள் பொம்மையைத் திருப்பினாள். கழுத்துக்குப் பின்னால் சொரசொரப்பாக ஓர் இடம். ‘தேய்மானம்’ என்று அவளே பதிவேட்டில் எழுதியிருந்தாள்.

பிள்ளை அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

ரப்பரை எடுத்தாள். தாளில் இருந்த காது ஐந்து நொடியில் போய்விட்டது.

பொம்மையையும் கையையும் தட்டில் பஞ்சின்மேல் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது.

அமைச்சருக்காகப் போட்ட பந்தலின் வாசலில் அகழாய்வு இயக்குநர் அறவாழி நின்றிருந்தார். ஏணியில் நின்ற ஆள் பன்னிரண்டு அடிப் பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தான். பலகை முழுக்க அவள் வரைந்த முகம். இரண்டு காது.

“சார். நான் போட்ட காது தப்பு.”

எல்லாவற்றையும் சொன்னாள். இருளாயி முந்தாநாள் எடுத்ததையும் சொன்னாள். சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கையைத் தலையோடு சேர்த்துப் பார்த்தார். பொருந்திய இடத்தை விரலால் தடவினார். முப்பது வருஷமாகத் தோண்டுகிற விரல்.

“கரடியப் பாக்கத்தாம்மா வர்றாங்க” என்றார் மெதுவாக.

“தெரியும் சார்.”

“இது கரடி இல்லேன்னா வண்டியத் திருப்பிட்டுப் போயிருவாங்க.”

“தெரியும் சார்.”

“சார், கயித்தக் கட்டிரவா? தோள் விட்டுப் போகுது” என்றான் ஏணியில் நின்றவன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வளையம் போட்ட அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்தக் குழி?”

“ஆறு. அள்ளிக் கொட்டின மண்ணுல பாதிகூட இன்னும் சலிக்கல.”

தூரத்தில் ஆறாவது குழியின் மண்மேடு ஒரு வீட்டு உயரத்துக்குக் கிடந்தது. அதன் நிழலில் பெண்கள் தூக்குவாளிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

அவர் மணி பார்த்தார். பன்னிரண்டே முக்கால். அமைச்சர் வர இன்னும் மூன்றேகால் மணி நேரம்.

சட்டைக் கையை மடித்துவிட்டார். ஒன்று. இன்னொன்று.

“நம்மகிட்ட சல்லடை மொத்தம் எத்தனை இருக்கு?” என்று கேட்டார்.