முயலுக்குக் காவல்

“செருப்பை அங்கனயே கழத்து. பைய வா. உள்ள முயலு கிடக்கு.”

ஆலங்குளத்தில் பஸ் ஏறி, தென்காசிச் சாரலில் நனைந்தபடி வந்து நின்ற தங்கச்சியைத் தளவாய் இப்படித்தான் வரவேற்றார். வள்ளித்தாய்க்குச் சுரீரென்று ஏறியது.

“நான் முயலைப் பார்க்கவாண்ணே வந்தேன்? அனுசியாவைப் பார்க்க வந்தேன்.”

அனுசியா தளவாயின் மருமகள். எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே குழந்தை இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. புருஷன் ராணுவத்தில், நாலு நாள் லீவில் வந்து அழுதுவிட்டுத் திரும்பிவிட்டான். அவளுக்குத் தாயும் இல்லை, மாமியாரும் இல்லை. வீட்டில் இருப்பது, போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற மாமனாரும், அவள் மடியிலேயே வைத்து வளர்த்த ஒரு வெள்ளை முயலும்தான்.

வள்ளித்தாய் கேள்விப்பட்டது பொய்யில்லை. கேட்டில் அட்டை தொங்கியது. ‘முயல் அதிர்ச்சியில் உள்ளது. சத்தம் கூடாது. மீறுவோர் திருப்பி அனுப்பப்படுவர்.’ அழைப்பு மணியின் வயரைக்கூடப் பிடுங்கிவிட்டிருந்தார்.

“வாசுதேவநல்லூர்ச் சித்தியை வாசலோட அனுப்பிட்டியாமே? திருவேங்கடத்துக்காரங்க வேன் பிடிச்சு வந்திருக்காவ. அவங்களையும் விடல. துட்டி கேக்க வந்தவங்களை யாராவது திருப்பி அனுப்புவாங்களா?”

“முயலுக்குச் சத்தம் ஆகாது, வள்ளி.”

துக்கம் கேட்க வந்தவரைத் திருப்பி அனுப்புவது, பந்தியில் உட்கார்ந்தவரின் இலையை உருவுவதற்குச் சமம். சொந்தம் தலைமுறைக்கும் அற்றுப்போகும். அதிலும் இது சீசன் நேரம். துக்கம் கேட்ட கையோடு குற்றாலத்தில் ஒரு குளியலும் போட்டுவிடலாம் என்பதால், இரக்கப்பட்டு வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. வள்ளித்தாயின் பையிலும் மாற்றுச்சேலையும் துண்டும் இருந்தன.

“அப்படி என்னதான் வந்துட்டு அதுக்கு?”

“துட்டி கேக்க வந்த கூட்டம் கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டு. தெருநாய் புகுந்து கூண்டை உருட்டிட்டு. கடி ஒண்ணும் படல. ஆனா காதெல்லாம் சில்லுன்னு ஆயிட்டு. கண்ணைத் திறந்தபடியே கிடந்துது. ஒரு அசைவில்ல.”

மாட்டு டாக்டர் சொன்னதை, கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல நிமிர்ந்து நின்று ஒப்பித்தார்.

“இருட்டா இருக்கணும். கூடிநின்னு பார்க்கக் கூடாது. தொட்டுத் தொட்டுப் பேசக் கூடாது. வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்திப் பக்கத்துல வைக்கணும். வாயில எதையும் திணிக்கப்படாது, தானாத் தின்னணும். தேத்துதேன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தரும் கிட்ட வராதீங்கன்னாரு.”

நடுவீட்டில் ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. டிவியைப் போர்வையால் மூடியிருந்தார். மூலையில் கூண்டு, அதன்மேல் கம்பளி.

“குக்கர் விசிலுக்குப் பயந்து சோத்தை வடிச்சுதான் திங்கேன்.”

“நல்லாருக்கு! பேரப்பிள்ளை போனதுக்கு உன் கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரலன்னு ஊரே ஏசுது. முயலுக்கு வெந்நீர் ஒத்தடமா?”

“ஏசட்டும்.”

“உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குன்னும் சொல்லுதாவ.”

“அதையும் சொல்லட்டும்.”

தளவாய் அடுப்படிக்குப் போனார். வெந்நீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

மகாராஜா முயலை ஒரு பார்வை பார்த்துவிடுவது என்று வள்ளித்தாய் குனிந்து கம்பளியைத் தூக்கினாள்.

கூண்டு காலி. கழுவித் துடைத்து வைத்திருந்தது.

திரும்பினால், துணி சுற்றிய பாட்டிலோடு அண்ணன் நிற்கிறார்.

“முயலு எங்கண்ணே?”

“செத்துட்டு. அன்னைக்குச் சாயந்தரமே. முருங்கைக்கு அடியில புதைச்சிட்டேன்.”

“அப்ப அந்த அட்டை? இவ்வளவு கூத்து?”

தளவாய் உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மருமகளைப் பார்க்க விட மாட்டேன்னு சொன்னா, அவளைத்தான் ஏசுவாங்க. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. முயலுக்காக விடலைன்னா, கிறுக்குப் பயன்னு என்னைய ஏசிட்டுப் போயிருவாங்க.”

வள்ளித்தாய் கம்பளியைப் பழையபடி கூண்டின்மேல் போர்த்தினாள்.

“வந்தவ ஒவ்வொருத்தியும், ஆம்பளப் பிள்ளையா பொம்பளப் பிள்ளையான்னு கேட்டா, வள்ளி. பதினோரு பேருக்கு அனுசியா பதில் சொன்னா. அதுக்கப்புறம் வாயைத் திறக்கல.”

வள்ளித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போதே அவளும் அந்தக் கேள்வியைத்தான் எடுத்து வைத்திருந்தாள்.

தளவாய் உள்ளறைக் கதவை ஓசைப்படாமல் தள்ளினார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் காலடியில் பாட்டிலை வைத்தார். தலைமாட்டில் காலையில் வைத்த கஞ்சி அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

“அண்ணே, அவ முயலு எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவே?”

தளவாய் கையிலிருந்த கஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அதையாவது கேக்க மாட்டாளான்னுதான் அஞ்சு நாளா உக்காந்திருக்கேன்.”