ஷேவிங் செட்

"எங்கடா என் ஷேவிங் செட்டு?"

மத்திகிரி ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனந்த், சுபாஷின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தான்.

ஒரு வருஷமாக ரெண்டு பேரும் ஒரே ரூம். நேற்றுதான் சுபாஷைப் பெட்டியோடு வெளியே அனுப்பியிருந்தான் ஆனந்த்.

"போறவன் என் பொருளயும் தூக்கிட்டுப் போவியா?"

"எடுத்தது நெசந்தாண்ணா. வாங்க, ஓரமாப் போய்ப் பேசலாம்."

"என்னடா ஓரம்?" ஆனந்த் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "கம்பெனில ரத்ததான முகாம் வச்சாங்கல்ல, இவன் ரத்தம் ஆகாதுன்னுட்டாங்க. மஞ்சக்காமாலையாம், பி வகை. பாக்கக் கல்லு மாதிரி இருக்கான், உள்ளார நோயி. இவன் சாப்பிட்ட தட்டு, டம்ளர் எல்லாத்தயும் குப்பைல வீசிட்டேன்."

கூட்டம் சட்டென்று விலகியது. நேற்றுவரை சுபாஷின் டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிட்டவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

சுபாஷ் தலை நிமிரவில்லை. "செட்ட ஒடச்சுப் பொதச்சிட்டேண்ணா. புதுசு வாங்கித் தர்றேன்."

"ஒடைக்க நீ யாருடா?"

பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. பக்கத்தில் ஆள் இல்லை என்றானதும்தான் சுபாஷ் பேசினான்.

"தட்டுல, டம்ளர்ல இது ஒட்டாதாம்ணா. ரத்தத்துல வருமாம். நாம ரெண்டு பேரும் ஒரே பிளேடுலதான சவரம் பண்ணோம்? நாளைக்கு ரூமுக்கு வர்ற புதுப் பையனும் அதத்தான் எடுப்பான்."

ஆனந்த் தன்னிச்சையாகக் கன்னத்தைத் தடவினான். போன வாரம் வெட்டிக்கொண்ட காயம் இன்னும் ஆறவில்லை.

"அப்ப எனக்கும் ஒட்ட வச்சிட்டியாடா, பாவி? அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்டா."

சுபாஷ் குரலை இன்னும் தாழ்த்தினான்.

"உங்க ரூமுக்கு வர்றதுக்கு முந்தி ஊர்ல ரத்தம் குடுத்தேண்ணா. அப்ப டெஸ்ட்ல எனக்கு இது இல்ல. அப்புறம் நான் தொட்ட பிளேடு உங்களுது மட்டுந்தான்."

ஆனந்தின் கை சட்டையிலிருந்து நழுவியது.

"நீங்களும் டெஸ்ட் எடுங்கண்ணா. வருஷக்கணக்கா இருந்தாலும் வெளிய தெரியாதாம். டாக்டர்கிட்ட காட்டிட்டே இருந்தா ஈரலக் காப்பாத்திரலாம். அண்ணிக்கு இப்பவே தடுப்பூசி போட்டா ஒண்ணும் ஆகாது."

டிரைவர் ஹாரன் அடித்தார். கிளம்பப் போன சுபாஷ், ஆனந்தின் காதருகே குனிந்தான்.

"பயப்படாதீங்கண்ணா. பஸ்ல இருக்கறவங்களுக்கு இது கேட்டிருக்காது."