கொய்யாத் துண்டு

"திரும்பிப் பாக்காதம்மா. நீ பாக்கறதுதான் அதுக்குத் தீனி," என்றாள் நிவேதா. "விசிலடிச்சா ஒரு துண்டு கொய்யா குடு. அப்பா மாதிரி பேசினா, காதே கேக்காத மாதிரி இரு."

கணவர் இறந்த பிறகும் கூண்டிலிருந்த மைனா அவர் குரலில் கூப்பிடும்போதெல்லாம் பூரணி பாதிச் சோற்றில் எழுந்து ஓடினாள். மகளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மைனா விசிலடித்தது. பூரணி ஒரு துண்டை நீட்டினாள். மறுபடி விசில், மறுபடி துண்டு. இரண்டு நாளாக அந்தக் குரல் வரவேயில்லை.

"பாத்தியா, எவ்வளவு சமத்து!" என்று சிரித்துவிட்டு நிவேதா குளிக்கப் போனாள்.

பூரணியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மடித்த துணிகளை உதறி மறுபடி மடித்தாள். ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள். மைனா விசிலடித்தது. கொய்யாத் துண்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, காதே கேட்காதவள் போல நின்றாள். விசில் இன்னும் பலமாக வந்தது. அவள் அசையவில்லை. பறவை தவித்துப்போய்க் கம்பியில் இங்குமங்கும் நடந்தது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

மைனா அவரைப் போலவே தொண்டையைக் கனைத்தது.

"பூரணி, கொஞ்சம் தண்ணி தாயேன்."