சுவருக்குள் இருந்த பாதங்கள்

சுவிஸின் லுகானோ நகரப் பழைய தேவாலயத்தில் சாய்ந்த வெயில். சுவரோரம் மண்டியிட்ட இத்தாலியப் பெண் சிறு கத்தியால் சுண்ணாம்பைச் சுரண்டச் சுரண்ட, அடியில் மறைந்திருந்த பழைய ஓவியம் துண்டுதுண்டாக வெளியே வருகிறது. எமில்டாவின் கண் அதில் நிலைக்கவில்லை. முந்தாநாள்தான் மன்னாரிலிருந்து வந்தவள். நாளை இதே பீடத்தின் முன் அவளுக்கும் கிளமெந்துக்கும் கலியாணம். எண்பத்து நான்காம் ஆண்டில் ஊரை விட்டுப் போனவன், இப்போது அந்தப் பெண்ணோடு இத்தாலிய மொழியில் கதைத்துச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியாது. நிச்சய மோதிரத்தைக் கழற்றுகிறாள், போடுகிறாள், மறுபடி கழற்றுகிறாள். ஊர் வழக்கப்படி வாசலில் செருப்பை விட்டு வந்தவளுக்குக் கல்தரையின் குளிர் கணுக்கால்வரை ஏறுகிறது. அவனுடைய சப்பாத்துச் சத்தம் கூரைவரை போய்த் திரும்புகிறது.

"இஞ்ச ஒருத்தரும் கழற்றிறேல்ல எமில்டா. தடிமன் பிடிக்கும், போய்ப் போடும்."

"நாளைக்கு நான் ஆரைக் கட்டப்போறன் எண்டு யோசிக்கிறன்."

அவன் வாய் திறக்குமுன் பெரிய செதிலொன்று உதிர்கிறது. ஓவியத்தில் நீல அங்கியின் விளிம்பு. அதன்கீழே இரண்டு வெறும் பாதங்கள்.

"பாத்தீரோ, இவரும் வாசலில கழற்றிப்போட்டுத்தான் வந்திருக்கிறார்," என்கிறாள் எமில்டா.

கிளமெந்து சிரிக்கவில்லை. குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கிறான். காலுறையையும் உருவிவிட்டு அவளருகே வந்து நிற்கிறான்.

"சரியான குளிர்," என்கிறான்.

விரலில் பாதியில் நின்ற மோதிரத்தை எமில்டா உள்ளே தள்ளுகிறாள்.