வெள்ளையடித்த படி

தினமும் அலை நனைக்கும் கல்லில்தான் கொட்டலசுச் சிப்பி ஒட்டி வளரும். கடற்கரையில் அதைத் தேடிக் கணக்கெடுப்பது ஜெசிந்தாவின் வேலை. சிப்பி ஒட்டியது எதுவானாலும் ஆய்வுப் படிவத்தில் 'பாறை' என்றே எழுத வேண்டும். எழுதிவிட்டால் அந்த இடம் கடலுக்குச் சொந்தம். குடியிருப்பவர்கள் ஒரு வாரத்தில் காலி செய்தாக வேண்டும். போன வருடம் பக்கத்து வீட்டு செலஸ்டினின் படிக்கல்லை அப்படித்தான் எழுதினாள். கிளம்பும்போது அவர் மனைவி இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று தெருவில் ஒரே ஒரு வீடுதான் பாக்கி. அது அவளுடையது. வாசற்படி புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று இருந்தது.

"கிறிஸ்மஸுக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு. இப்ப எதுக்கு வெள்ளையடிச்சிய?"

"அழுக்கா கெடந்துச்சு," என்றான் கணவன் மரியதாஸ். அவன் விரல்களெல்லாம் கீறல்.

ஜெசிந்தா குனிந்து, ஈரத் துணியால் படியைத் துடைத்தாள். சுண்ணாம்புக்கு அடியில், சுரண்டி எடுத்த சிப்பிகளின் வட்டத் தடங்கள் நெருக்கமாக இருந்தன. ஓரத்தில் அவன் கத்திக்குத் தப்பிய ஒன்று உயிரோடு இருந்தது.

வெகுநேரம் கழித்துப் படிவத்தை மூடினாள்.

"என்னட்டி எழுதுன?"

"பாறைன்னுதான்."

மரியதாஸ் செருப்பைக் கழற்றிப் பாறையோரமாக விட்டுவிட்டு வீட்டுக்குள் போனான்.