போய் வாங்கிட்டு வாடா

“வீடு நிறைய ஆளுங்க. அத்தனை பேர் எதிர்ல, கல்யாணமாகி குழந்தை இருக்கிற மனுஷனை, ‘போய் சேஃப்டி பின் வாங்கிட்டு வாடா’ன்னு விரட்டுறது என்ன நியாயம்? நீங்களே சொல்லுங்க மேடம்.”

தெரபிஸ்ட் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

கேட்டவள் மனைவி. விரட்டியவள் நாத்தனார். அதே சோபாவின் மறு கோடியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரட்டப்பட்டவன் ஜன்னலோர நாற்காலியில், மூன்று பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு சின்ன ஸ்பிரிங்கை விரல்களுக்கிடையே அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் தொழில். அந்த ஸ்பிரிங் இல்லாமல் எங்கேயும் போக மாட்டான்.

“அவரை இந்தப் பக்கம் திரும்பி உக்காரச் சொல்லுங்க மேடம்.”

“காது கேக்குதில்ல. அது போதும்.”

இந்த தெரபிஸ்ட் இப்படித்தான். முதல் நாள் வந்தபோது டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு மேஜை விளக்கை மட்டும் எரியவிட்டிருந்தார். கரண்ட் பில்லுக்குப் பயப்படுகிறார் போல என்று மனைவி நினைத்தாள். டியூப்லைட்டின் ரீங்காரம் அவனுக்கு ஆகாது என்பது அவள் அதுவரை அறியாத செய்தி.

கணவருக்கு இருக்கும் ஆட்டிசம் வியாதி இல்லை, அவர் அமைந்திருக்கும் விதமே அதுதான் என்றும் அன்றைக்கே சொல்லிவிட்டார். அவரை மாற்றுவது தன் வேலை இல்லையாம். அவருக்கு ஒத்து வருகிற மாதிரி வீடு எப்படி மாறலாம் என்று பார்ப்பதுதான் வேலையாம்.

வீட்டில் மாற வேண்டியது எது என்று மனைவிக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்த முறை நாத்தனாரையும் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நாத்தனார் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். அவள் பஸ்ஸுக்கு ஹாரனே தேவையில்லை என்பார்கள். மனைவியின் சொந்தத்தில் அவளுக்குப் ‘போலீஸ்காரி’ என்று பெயர். யார் வீட்டு விசேஷமானாலும் சரி, கூட்டம் சேர்ந்து பேச்சும் சிரிப்புமாகச் சூடு பிடிக்கும் நேரத்தில் அவள் குரல் எழும். டேய், பேட்டரி வாங்கிட்டு வா. டேய், செல்லோ டேப் தீர்ந்துபோச்சு. அவனும் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவான். தெருமுனைக் கடைக்குப் போனவன் திரும்பிவர ஒரு மணி நேரம் ஆகும். அவமானத்தில் எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறானோ என்று மனைவி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டு இழுப்பறையில் இருக்கிற சேஃப்டி பின்களை வைத்து ஒரு தையல் கடையே நடத்தலாம்.

‘உன் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சிடி’ என்று மனைவியின் அம்மாவே ஒரு முறை சொன்னாள். அது அவளைத் தைத்துவிட்டது.

அதனால்தான் போன மாதம், மகளின் பிறந்த நாளன்று, நாத்தனார் “டேய், மெழுகுவத்தி...” என்று ஆரம்பித்ததுமே குறுக்கே விழுந்தாள்.

“அவர் எங்கேயும் போக மாட்டார் அண்ணி. இந்தக் குழந்தைக்கு அப்பா அவர். இங்கேயேதான் இருப்பார்.”

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். மனைவியின் சொந்தக்காரர்கள் கை தட்டாத குறைதான்.

அவன் இருந்தான். பாட்டு ஆரம்பித்தது. பலூன்கள் வெடித்தன. அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு, வீடே அதிரும்படி “நிறுத்துங்க” என்று கத்திவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். கேக் வெட்டப்படாமலே கிடந்தது. வந்தவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

அப்பாவுக்கு என் பிறந்த நாள் பிடிக்கலையா என்று மகள் இன்னமும் கேட்கிறாள். அவளுக்கு இன்றைக்கு ஒரு பதிலோடு போயாக வேண்டும்.

“வருஷக் கணக்கா உள்ளே அடக்கி வச்ச அவமானம் மேடம், அன்னைக்கு வெடிச்சிருச்சு. இவங்க கொஞ்ச நாள் எங்க வீட்டுப் பக்கம் வராம இருந்தா நல்லதுன்னு தோணுது. நான் சொன்னா தப்பாப் போயிடும். நீங்க சொல்லுங்க.”

தெரபிஸ்ட் நாத்தனாரைப் பார்த்தார். எதற்காக அப்படி அனுப்புவீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

“பழகிப்போச்சு மேடம். என் வாய் அப்படி. வரவேண்டாம்னா வரலை.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று மனைவி எதிர்பார்க்கவில்லை. சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

தெரபிஸ்ட் மட்டும் முடித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் போட்டு, அவன் பார்த்துக்கொண்டிருந்த அதே ஜன்னலைத் தானும் பார்த்தபடி உட்கார்ந்தார்.

“கூட்டமா இருக்கிற நாள்ல, இதுவரைக்கும் உங்களுக்கு உதவியா இருந்தது எது? நிதானமாச் சொல்லுங்க, அவசரமில்லை.”

அவன் அவசரப்படவில்லை. கீழே தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து, சரக்கை இறக்கிவிட்டுப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா கடைக்கு அனுப்புறது.”

மனைவி எழுந்தேவிட்டாள். “பாத்தீங்களா? இங்க வந்தும் பயம் விடலை.”

“டேய், சும்மா இருடா.” நாத்தனாரின் குரல் இவ்வளவு கீழே இறங்கி மனைவி கேட்டதில்லை.

அவன் திரும்பவில்லை. விரல்களுக்கிடையே ஸ்பிரிங் நின்றது.

“சத்தம் தாங்கலைன்னு நானா எழுந்து போனா, என்னைக் கிறுக்கன்னு சொல்வாங்க. அக்கா விரட்டி நான் போனா, அக்காவைத்தான் திட்டுவாங்க.”