கேமராவுக்குக் குடை

"பதினோரு மணி ஆனா போதும், கேமரா முன்னாடி ஒரு கறுப்புக் குடை வந்து தொங்குது. முக்கால் மணி நேரம் ஒண்ணும் தெரியல. ரெண்டு வாரமா இதே கூத்து!"

செயலாளர் பழனிவேல் போனைத் தூக்கிக் காட்டினார். திரை முழுக்கக் கறுப்பு.

மஞ்சக்குப்பம் அபார்ட்மென்ட்டின் பார்க்கிங்கில் ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டம். இருபத்துநாலு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள்.

"குடை யாரோடது சார்?" முதல் மாடி எழிலன் கேட்டார்.

"ரெண்டாவது மாடி மெகருன்னிசா. மாட்டுற வரைக்கும் மொகம் பளிச்சுனு பதிவாயிருக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் குவைத்தில் இருக்க, ஆறு மாதம் முன்பு வாடகைக்கு வந்தவர் மெகருன்னிசா. அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பழனிவேலுக்கு சிதம்பரத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை. கேமரா மாட்டியதிலிருந்து உடம்பு மட்டும்தான் சிதம்பரத்தில். பார்க்கிங்கில் காக்கா உட்கார்ந்தாலும் அங்கே அவர் போன் கத்தும். உடனே இங்கே கேமரா பேசும். "சார்லஸ், தூங்காத!" வாட்ச்மேன் சார்லஸ் திடுக்கிட்டு எழுந்து, கேமரா இருக்கும் தூணுக்கு சல்யூட் அடிப்பார்.

"எதுக்கும்மா குடை? கேமராவுக்கு வெயில் தாங்காதுன்னா?"

கூட்டம் சிரித்தது.

"காரணம் இருக்குண்ணே. சொல்ல முடியாது."

"தப்பு பண்ணாதவங்க கேமராவுக்கு ஏன் பயப்படணும்?"

"பயம் வேற, கூச்சம் வேறண்ணே."

"என் வண்டிக் கண்ணாடி ஒடஞ்சிருக்கு சார். குடை நேரத்துலதான் ஒடஞ்சிருக்கும்" என்றார் எழிலன்.

"எங்க வீட்டு மிதியடியக் காணும்" என்றது ஒரு குரல்.

"தண்ணிகூட சரியா வரல" என்றது இன்னொரு குரல்.

பழனிவேல் அங்கேயே வீட்டு ஓனர் ஹபிபுல்லாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "பாய், ஒங்க வாடகைக்காரங்கள காலி பண்ணச் சொல்லுங்க. பாதுகாப்புப் பிரச்சனை."

"ஏம்மா, என்னா ஏதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிதுல்ல?" ஹபிபுல்லா போனில் கேட்டார்.

"ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டேன் பாய். சொல்ல மாட்டேன். மாசக் கடைசியில காலி பண்ணிக்கறேன்."

"அவ்ளோதான். பிரச்சனை முடிஞ்சிது" என்று பழனிவேல் போனை வைத்தார்.

"முடியல. அவுங்க ஏன் காலி பண்ணணும்?"

பின்வரிசையில் எழுந்து நின்றது பழனிவேலின் மனைவி மலர்க்கொடி.

"வேணாங்க்கா, உக்காருங்க" என்று மெகருன்னிசா பதறினார்.

"நீ சும்மா இரு மெகரு. ஏங்க, அந்தக் குடை எனக்காகத்தான். நான் ஸ்கூட்டி கத்துக்கறேன். இவதான் சொல்லிக் குடுக்குறா."

பழனிவேல் வாய் பிளந்தார். "ஸ்கூட்டியா? சரி கத்துக்க. அதுக்கு எதுக்குடி குடை? பாத்தா நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?"

"மொத நாளு குடை இல்லாமதான் ஓட்டுனேன். இவகிட்ட சாவி வாங்கி, நானே தனியா எடுத்தேன். நேரா இந்தத் தூணுல மோதி விழுந்தேன். சுடிதாரு, ஹெல்மெட். ஒங்களுக்கு அடையாளம் தெரியல. இவ வண்டிங்கறதால இவதான்னு நெனச்சிட்டீங்க. சிதம்பரத்துல உக்காந்துகிட்டு, 'பறக்கும் பூசணிக்காய்'னு பேரு வச்சு வீடியோவ அபார்ட்மென்ட் குரூப்புல போட்டீங்க."

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

"வீட்டுக்கு வீடு சிரிப்பு பொம்ம போட்டாங்க. மொழங்கால்ல ரத்தத்தோட தரையில கெடந்துகிட்டு, ஒவ்வொண்ணா வர்றத என் போன்ல பாத்துகிட்டிருந்தேன்."

பழனிவேல் மெல்லத் தன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

மலர்க்கொடி, மெகருன்னிசாவின் தோளில் கை வைத்தார்.

"இருபத்துநாலு வீடும் அந்த வீடியோவப் பாத்துச்சு. பாத்துட்டு மாடியிலேருந்து ஓடியாந்து என்னத் தூக்குனது இவ ஒருத்திதான்."